கடைசி எழுத்தைப் பிடித்துப் பாடு

ஒரு பாட்டின் கடைசி எழுத்தில் அடுத்தவர் புதுப் பாட்டைத் தொடங்குவது அந்தாக்ஷரி. தமிழில் அதன் நெருங்கிய உறவான ‘பாட்டுக்குப் பாட்டு’ நிகழ்ச்சியை இலங்கை வானொலியிலும் பின்னர் சன் டிவியிலும் நடத்திப் புகழ்பெற்றவர் பி.எச்.அப்துல் ஹமீது.

ஜப்பானில் இதே வகை ஆட்டத்துக்குச் சிரிதோரி என்று பெயர். கரோக்கியில் பாட்டுத் தலைப்புகளைக் கோத்தும் அதை ஆடலாம். ‘ன்’ ஒலியில் முடிப்பவர் தோற்றார். கென்ஷி யோனெசுவின் ‘லெமன்’ (2018) எவ்வளவு பிடித்த பாட்டானாலும் எடுக்கக் கூடாது. கியூ சகமோட்டோவின் ‘உஎ ஓ முயிதே அருகோ’ (1961) அருமையான ஆயுதம். அதன் கடைசி நெடில் ஜப்பானிய எழுத்தில் ‘உ’ என்று முடிகிறது; முதலெழுத்தும் அதுவே. ‘உ’வில் மாட்டிக்கொண்டவர் இதைப் பாடினால் அதே ‘உ’ எதிராளி தலையில் விழும்.

தமிழ்ச் சினிமாப் பாட்டுக்குப் பெரும்பாலும் தனித் தலைப்பு கிடையாது, முதல் வரிதான் பெயர். அதனால் தமிழில் தலைப்பை வைத்து ஆட நினைத்தால் படப் பெயர்களே தோது. ‘ன்’ இங்கும் வில்லங்கம்தான்: ‘நாயகன்’ முடியும் ‘ன’வில் தமிழ்ச்சொல் தொடங்காது. ‘மூன்றாம் பிறை’யின் ‘ற’வும் அப்படியே. ‘ன’வுக்கு ‘ந’, ‘ற’வுக்கு ‘ர’ என்று விட்டுக்கொடுத்தால் ‘ரோஜா’வுக்குப் போகலாம். இதை ஆட்டத்துக்கு முன்பே பேசி வைத்துக்கொள்வது நல்லது.