ஒயின் போத்தலில் ஊர்ப் பெயர் எதற்கு?

தீபாவளி விருந்துக்கென்று முதன்முறை ஒயின் வாங்கிய பலர், ஒரு வாய் குடித்துவிட்டு ‘புளித்துப்போன சரக்கு’ என்று முகம் சுளிப்பதுண்டு. பெரும்பாலும் சரக்கில் குறையிருக்காது. போத்தலில் அச்சிட்டிருக்கும் ஊர்ப் பெயரைக் கவனித்திருந்தால் சுவை முன்பே ஓரளவு தெரிந்திருக்கும்.

வெயிலில் பழுக்கப் பழுக்கத் திராட்சையில் இனிப்பு ஏறும், புளிப்பு குறையும். அந்த இனிப்புதான் நொதித்து ஆல்கஹாலாகிறது. அதனால் வெப்பமான ஊரின் ஒயினில் ஆல்கஹால் கூடுதல். குளிரான ஊரின் ஒயினில் புளிப்பு கூடுதல். பிரான்சின் ரோன் பள்ளத்தாக்கில் சிரா எனப்படும் திராட்சைதான் ஆஸ்திரேலியாவின் பரோசாவில் ஷிராஸ். வடக்கு ரோனில் அது மிளகு வாசம் அடிக்கும். பரோசாவில் கனிந்த பழச் சுவையோடு கனமாக இருக்கும். காரமான கறிக்கு ஆல்கஹால் கூடிய ஒயின் எரிச்சலைத்தான் கூட்டும். ஜெர்மனியின் மோசல் வட்டாரத்து ரீஸ்லிங், லேசான இனிப்போடு நம் சாப்பாட்டுக்கு நன்றாகப் பொருந்தும். ‘ட்ராக்கன்’ என்று போட்டிருந்தால் மட்டும் இனிப்பு இராது.

இந்திய ஒயினுக்குப் பேர்பெற்ற ஊர் நாசிக். சுலா நிறுவனம் 1999ல் அங்கு தொடங்கப்பட்டது. சுமார் 600 மீட்டர் உயரத்திலுள்ள அந்த வட்டாரத்தின் குளிர்கால இரவுகள் பழத்தின் புளிப்பைக் காக்கின்றன.

தேனி மாவட்டக் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை வேறு கதை. 2023ல் புவிசார் குறியீடு பெற்ற இது, ஐரோப்பாவில் மஸ்கட் ஹாம்பர்க் எனப்படும் வாசனை ரகம். ஆண்டு முழுவதும் காய்க்கும். பெரும்பகுதி சாப்பிடும் பழமாகவே விற்பனையாகிறது. ஒயின் என்றதும் நம்மவர் நாக்கு தேடுவது இந்தச் சுவையைத்தான். கடைத்தட்டில் இருப்பதோ பெரும்பாலும் இனிப்பில்லாத ரகங்கள்.

விலையிலும் இதே கணக்கு உண்டு. சிங்கப்பூரில் ஒயினுக்கான தீர்வை விலையைப் பொறுத்ததன்று. சுத்த ஆல்கஹால் லிட்டருக்கு 88 வெள்ளி. 750 மில்லிலிட்டர் போத்தலில் 12 விழுக்காடு ஆல்கஹால் என்றால் 7.92 வெள்ளி, 15 விழுக்காடு என்றால் 9.90 வெள்ளி. பொருள் சேவை வரியையும் சேர்த்தால், 20 வெள்ளி ஒயினில் ஏறக்குறையப் பாதி வரிதான்!

லிட்டில் இந்தியா 2015 முதல் மதுபானக் கட்டுப்பாட்டு வட்டாரம். அங்குள்ள கடைகளில் சனி, ஞாயிறு, பொது விடுமுறை, அதற்கு முந்திய நாள் ஆகியவற்றில் இரவு 7 மணிக்குமேல் மது வாங்கிச் செல்ல முடியாது. தீபாவளிக்கு முதல்நாள் தேக்காவுக்குப் போகிறவர்கள் ஒயினை முதலில் வாங்கிவிட்டுப் பிறகு பூமாலைக்கு வரிசையில் நிற்கலாம்.