ஒளி படும் வேளை

தென்னாட்டிலிருந்து தில்லிக்கு வந்து குடியேறியவர்கள், முதற் குளிர்காலத்திலேயே ஒன்றை உணர்ந்திருப்பார்கள். மார்கழியிலும் தையிலும் கடிகாரம் ஏழடித்த பின்னரும் கதிரவன் எழுவதில்லை. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் மதுரையில் ஏறத்தாழ ஒரு மணி நேரமே வேறுபாடு. தில்லியிலோ அது மூன்றரை மணிக்கும் மேல். இருள் பிரியாத காலையில் எழ இயலாதவரைச் சோம்பேறி என்று இகழ்வது எளிது. ஆனால் குறை அவரது மனவுறுதியில் இல்லாமல், அவர் உடலினுள் இயங்கும் கடிகாரத்தில் இருக்கக்கூடும்.

இரு விழிகளிலிருந்தும் வரும் பார்வை நரம்புகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்திற்குச் சற்று மேலே, மூளையில் ஒரு சிறு நரம்பணுத் திரள் உள்ளது. உறக்கம், விழிப்பு, உடல் வெப்பம் ஆகியவற்றின் அன்றாட ஏற்ற இறக்கத்தை நடத்துவது அதுவே. மனிதரிடத்தில் அதன் ஒரு சுற்று சராசரியாக 24 மணியைவிடச் சில நிமிடங்கள் மிகுதி. ஆதலின் நாள்தோறும் அதைத் திருத்தியமைக்க வேண்டும். அத்திருத்தத்தைச் செய்யும் தலையாய கருவி ஒளியே.

இத்துறையில் தமிழகத்திற்குத் தனிச் சிறப்புண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பேராசிரியர் எம். கே. சந்திரசேகரனும் அவர்தம் குழுவினரும், மதுரையை அடுத்த சமணர் மலைக் குகைகளில் வாழும் வௌவால்களை ஆராய்ந்தனர். ஒரு விநாடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரமே மின்னி மறைந்த ஒளியும் வௌவாலின் உடற்கடிகாரத்தை நகர்த்தியதென 1984-இல் அவர்கள் அறிவித்தனர். கதிரொளியும் கடிகாரமும் இல்லாத தனியறைகளில் மனிதரையும் தங்கச் செய்து ஆராய்ந்தனர். அங்ஙனம் தனித்திருந்த சிலருக்கு, உறங்கி விழிக்கும் சுற்றும் உடல் வெப்பத்தின் சுற்றும் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்தே போயின.

இதில் கணிதத்திற்கு என்ன வேலை என்று நேயர்கள் வினவலாம். ஓர் ஊஞ்சலை எண்ணிப் பாருங்கள். அது முன்னே செல்லும்போது தள்ளினால் விரைகிறது. நம்மை நோக்கி வரும்போது அதே விசையுடன் தள்ளினால் தடைப்படுகிறது. விசை ஒன்றே, வேளைதான் வேறு. தானே ஓயாது அலையும் அமைப்புக்கு ஒரு சமன்பாட்டை 1920-களில் வகுத்தவர், வானொலிக் குழாய்களின் மின்னலைவுகளை ஆராய்ந்த டச்சு அறிஞர் வான் டெர் போல். ஆர்வர்டு பல்கலைக்கழகத்தின் ரிச்சர்டு குரோனவர் 1980-களில் அதே சமன்பாட்டை மனித உடற்கடிகாரத்திற்குப் பொருத்தினார். எவ்வேளையில் எவ்வளவு ஒளி பட்டால் கடிகாரம் எப்பக்கம், எவ்வளவு நகரும் என்பதை இத்தகைய மாதிரிகளைக் கொண்டு முன்கூட்டியே கணிக்க முயலலாம்.

நாம் வழக்கமாக விழிக்கும் நேரத்திற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னதாக உடல் வெப்பம் மிகத் தாழ்கிறது. அதற்கு முற்பட்ட இரவு வேளைகளில் படும் ஒளி கடிகாரத்தைப் பின்தள்ளும். மறுநாள் உறக்கமும் விழிப்பும் தாமதமாகும். அதற்குப் பின் காலையில் படும் ஒளி அதை முன்தள்ளும். குளிர்காலத்தில் மனச்சோர்வுக்கு ஆளாவோருக்கு ஒளி மருத்துவம் பயன்படுவதாக 1984-இல் அமெரிக்க மருத்துவர் நார்மன் ரோசென்தாலும் அவர்தம் குழுவினரும் எழுதினர். இன்று அதற்குப் பெரும்பாலும் 10,000 லக்ஸ் செறிவுள்ள விளக்கை, விழித்தவுடன் அரைமணி நேரம் பயன்படுத்துகின்றனர். வீட்டு விளக்கின் ஒளி சில நூறு லக்ஸைத் தாண்டுவது அரிது. ஆனால் வெயில் ஏறிய பின் முற்றத்திலோ மாடியிலோ நிற்பவருக்கு அச்செறிவும் அதற்கு மேலும் செலவின்றிக் கிட்டும்.

இரவுப் பணி முடித்து வீடு திரும்புவோர்க்கு நிலைமை வேறு. காலை ஒளி அவர்தம் கடிகாரத்தை மீண்டும் பகலுக்கே இழுக்கும். பகலில் உறங்க வேண்டியவர், வீடு சேர்ந்ததும் திரையிட்டு இருட்டாக்கிய அறையில் படுப்பது நலம். அவரைக் கதவு திறந்து எழுப்பாதிருப்பது குடும்பத்தார் செய்யத்தக்க பேருதவி. கண்நோய் உள்ளோரும், மனவெழுச்சியும் மனச்சோர்வும் மாறிமாறி வரும் நோயுடையோரும் மருத்துவரைக் கேளாமல் ஒளி மருத்துவத்தை மேற்கொள்ளலாகாது.

மருந்துக்கு அளவு முக்கியம் என்பதை யாவரும் அறிவர். ஒளிக்கு அளவோடு வேளையும் முக்கியம். வேளை தவறினால் நன்மை செய்யும் ஒளியே உறக்கத்தைக் கெடுக்கும்.