ஆலயத்தில் ஓர் இரவு

ராஸ் தீவின் மேட்டுப் பகுதியில் கூரை இல்லாத ஒரு கிறித்தவ ஆலயம் நிற்கிறது. அதன் கற்சுவர்களை ஆல், அத்தி இன மரங்களின் வேர்கள் இறுகப் பற்றியுள்ளன. சாளரங்கள் இருந்த இடங்களில் இப்போது வானமும் இலைகளும் தெரிகின்றன. சுவர் மரத்தைத் தாங்குகிறதா, மரம் சுவரைத் தாங்குகிறதா என்று காண்போர் ஐயுறுவர். அந்தமானில் பயிலும் மாணவர் பலர் பள்ளிச் சுற்றுலாவின்போது இவ்வாலயத்தைக் கண்டிருப்பர். அங்கு உலவும் மான்களுக்குத் தின்பண்டம் கொடுத்தும் மகிழ்ந்திருப்பர்.

2018 முதல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு என்பது இதன் அலுவல்முறைப் பெயர். எனினும் படகுத்துறையில் பழைய பெயரும் வழங்குகிறது. ஸ்ரீ விஜயபுரம் என்று 2024ஆம் ஆண்டில் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரிலிருந்து சிறிது நேரப் படகுப் பயணத்தில் இத்தீவை அடையலாம். 1858ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் அந்தமானில் தண்டனைக் குடியிருப்பை அமைத்தபோது இச்சிறு தீவையே தலைமையிடமாகக் கொண்டனர். தண்டனைக் கைதிகள் காட்டை வெட்டினர், கல் சுமந்தனர். அவர்களுடைய உழைப்பினால் அதிகாரிகளுக்கு மாளிகையும், ரொட்டிச்சாலையும், அச்சகமும், டென்னிஸ் களமும், ஆலயமும் எழுந்தன. ஆலயத்தின் சாளரச் சட்டங்கள் பர்மாத் தேக்கினால் ஆனவை. பின்னர் 1941ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் நாள் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. அடுத்த ஆண்டே ஜப்பானியப் படை அந்தமானைக் கைப்பற்றியது. ஆங்கிலேயர் தீவை விட்டு அகன்றனர். போர் முடிந்த பின்னும் பழைய வாழ்க்கை அங்குத் திரும்பவில்லை. 1979 முதல் தீவு இந்தியக் கடற்படையின் பொறுப்பில் உள்ளது. பகலில் பயணிகள் வருவர். இரவு தங்குவதற்கு அவர்களுக்கு அனுமதி இல்லை.

மனிதர் உறங்காத கட்டடம் விரைவில் அழியும் என்று ஊர்ப்பெரியவர்கள் கூறுவதுண்டு. இதற்கு எளிய காரணம் இருக்கிறது. ஆளில்லாத கட்டடத்தில் முதலில் கெடுவது கூரையே. மழைநீர் வழியும் குழாயில் நான்கு இலைகள் அடைத்துக்கொண்டால் போதும். நீர் தேங்கிச் சுவருக்குள் இறங்கும். உத்திரத்தின் நுனி ஈரத்தில் ஊறி மட்கும். வீட்டில் ஆள் இருந்தால் ஒரு சொட்டு ஒழுகியவுடன் ஏணியை எடுத்துவிடுவர். ஆள் இல்லையெனில் அந்த ஒரு சொட்டு பத்து மழைக்காலங்களில் ஒரு துளையாகும். துளை வழியே கூரை சரியும். கூரை போன பின் பறவைகள் சுவரின்மீது அமர்ந்து எச்சமிடும். எச்சத்தில் உள்ள ஆலம் விதை கல்லிடுக்கில் முளைக்கும். அதன் வேரே இன்று ராஸ் தீவு ஆலயத்தைச் சுற்றி வளைத்திருப்பது.

இத்தகைய அழிவு தங்கள் ஊர் ஆலயங்களுக்கும் நேர்ந்துவிடுமோ என்னும் அச்சம் இங்கிலாந்து மக்களுக்கும் உண்டு. அந்நாட்டின் சிற்றூர்களில் எழுநூறு, எண்ணூறு ஆண்டுகள் பழமையான கல் ஆலயங்கள் பல உள்ளன. இளைஞர் வேலை தேடி நகரங்களுக்குப் பெயர்ந்தனர். வழிபாட்டுக்கு வருவோர் தொகையும் குறைந்தது. சில ஆலயங்களில் வழக்கமான வழிபாடு நின்றே போயிற்று. அவற்றை இடிக்கவும் மனமில்லை, காக்கவும் ஆளில்லை. இந்நிலையில் 1969ஆம் ஆண்டில் ஒரு காப்பு நிதியம் தோற்றுவிக்கப்பட்டது. ஆலயப் பாதுகாப்பு அறக்கட்டளை என்று இன்று அறியப்படும் அவ்வமைப்பின் பொறுப்பில் 350க்கும் மேற்பட்ட ஆலயங்கள் உள்ளன.

அவ்வறக்கட்டளை 2014ஆம் ஆண்டில் ஒரு புதிய முயற்சியைத் தொடங்கியது. கட்டணம் செலுத்துவோர் ஓர் ஆலயத்துக்குள் ஓரிரவு தங்கலாம் என்று அறிவித்தது. 'சர்ச்' என்னும் சொல்லையும் 'கேம்பிங்' என்னும் சொல்லையும் ஒட்டி இதற்குச் 'சேம்பிங்' என்று பெயரிட்டனர். கேட்டவுடன் சிரிப்பை வரவழைக்கும் பெயர்தான். ஆனால் திட்டம் பயனற்றுப் போகவில்லை. முதன்முதலில் இதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது நார்த்தாம்டன்ஷயர் மாவட்டத்தில் ஆல்ட்விங்கிள் என்னும் சிற்றூரில் உள்ள அனைத்துப் புனிதர் ஆலயமாகும். அவ்வூர் சிறியது, ஆயினும் அங்கு இடைக்கால ஆலயங்கள் இரண்டு உண்டு. ஒன்றில் வழிபாடு தொடர்ந்தது; மற்றொன்று ஆளின்றி எஞ்சியது. ஆங்கிலக் கவிஞர் ஜான் டிரைடன் 1631ஆம் ஆண்டில் பிறந்தது இவ்வாலயத்தை அடுத்த குருவின் இல்லத்தில்தான். அவருடைய தாய்வழிப் பாட்டனார் இவ்வாலயத்தின் குருவாக இருந்தார்.

அங்குத் தங்கும் இரவு எவ்வாறு இருக்கும்? பகல் முழுவதும் ஆலயம் அனைவருக்கும் திறந்திருக்கும். மாலையில் பார்வையாளர் சென்ற பின் தங்குவோர் நுழைவர். உள்ளே மடக்குக் கட்டில்கள் போடப்பட்டிருக்கும். பல ஆலயங்களில் வெப்பமூட்டும் வசதி இல்லை. சிலவற்றில் மின்சாரமும் குழாய்நீரும்கூட இல்லை. எனவே மின்கலத்தால் எரியும் விளக்குகளே துணை. பழைய மரக்கூரைக்குத் தீ பகை என்பதால் உண்மையான மெழுகுவத்திக்கு அங்கு இடமில்லை. கழிப்பறையும் பெரும்பாலும் நீரின்றி இயங்கும் வகையினது.

எல்லாவற்றையும்விடக் குளிரே பெரிய இடர். முழங்கை நீளத்துக்கும் மேல் தடித்த கற்சுவர் வெயிலை மெல்லவே வாங்கும். கோடையிலும் உள்ளே சில்லென்றிருக்கும். ஆகவே வேனிற்காலத் தொடக்கம் முதல் இலையுதிர் காலத் தொடக்கம் வரையில்தான் ஆலயங்களில் தங்க இயலும். உறங்குபவர் கம்பளியும் காலுறையும் அணிந்தே படுப்பர். நள்ளிரவில் மேலே சிறகோசை கேட்டால் அஞ்சத் தேவையில்லை, அது வௌவால். இங்கிலாந்தில் வௌவால்களுக்கு 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. தங்க வந்தவர் அவற்றை விரட்டுதல் கூடாது. ஆலயத்தைச் சுற்றி ஊராரின் பழைய கல்லறைகளும் இருக்கும். இருளில் வெளியே செல்ல நேர்ந்தால் அவற்றினூடே நடக்க வேண்டும். சிறுவர்களுக்கு இதுவே அவ்விரவின் சிறந்த பகுதி என்று தோன்றக்கூடும். பெரியவர்கள் அவ்வாறு கருதுவதில்லை.

விடிந்ததும் கிழக்குச் சாளரத்தின் வண்ணக் கண்ணாடி வழியே ஒளி உள்ளே விழும். ஆலயங்களின் பலிபீடம் பெரும்பாலும் கிழக்குப் பக்கம் அமைவதால் காலைக் கதிர் முதலில் அங்குதான் படும். ஞாயிறுதோறும் பத்து மணிக்கு வருபவர் காணாத காட்சி அது. பொழுது ஏறுவதற்குள் தங்கியவர் மூட்டை கட்டிப் புறப்பட்டுவிடுவர். அவர்கள் செலுத்திய கட்டணம் ஆலயங்களின் பராமரிப்புக்குச் செல்லும். பணத்தைவிட மேலான மற்றொரு நன்மையும் உண்டு. கதவு திறக்கப்படுகிறது, காற்று புகுகிறது, எங்கேனும் ஒழுகினால் ஒருவர் கண்ணில் படுகிறது. இங்கிலாந்தில் ஆலயக் கூரைகளில் வேய்ந்த ஈயத்தகடுகளைத் திருடுவோர் உண்டு. உள்ளே விளக்கெரியும் ஆலயத்தைத் திருடர் விரும்பார்.

இறைவன் இருக்கும் இடத்தில் உறங்குவது முறையா என்று அந்நாட்டில் சிலர் வினவினர். தமிழருக்கு இவ்வினா புதுமையாகவே தோன்றும். பழனிக்குப் பாதயாத்திரை செல்வோர் வழியில் உள்ள மண்டபங்களில் துண்டை விரித்துப் படுக்கின்றனர். நாகூர் தர்காவிலும் வேளாங்கண்ணியிலும் குடும்பம் குடும்பமாக மக்கள் இரவைக் கழிக்கின்றனர். கட்டணம் செலுத்தி, முன்பதிவு செய்து, மடக்குக் கட்டிலில் படுப்பது மட்டுமே இங்கிலாந்தின் புதுமை.

தமிழ் மக்கள் ஆலயத்தருகே கழிக்கும் இரவுகளுள் தனித்தன்மை வாய்ந்த ஒன்று கச்சத்தீவில் நிகழ்கிறது. இராமேசுவரத்துக்கும் இலங்கையின் நெடுந்தீவுக்கும் இடையே, பாக் நீரிணையில் உள்ள சிறு தீவு அது. பரப்பு 285 ஏக்கர். (நிக்கோபார்த் தீவுக் கூட்டத்தில் உள்ள கச்சால் தீவு வேறு. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பயனாக இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் சில, அந்தக் கச்சாலின் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டன.) கச்சத்தீவில் குடிநீர் இல்லை, ஆகவே ஊரும் இல்லை. முற்காலத்தில் இருகரை மீனவர்களும் அங்கு இறங்கி வலைகளை உலர்த்தினர், சற்று இளைப்பாறினர். அவர்கள் வழிபடுவதற்காகப் புனித அந்தோணியாருக்கு ஓர் ஆலயம் எழுந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதனைக் கட்டியவர் இராமநாதபுரம் சீமையில் தொண்டியை அடுத்த நம்புதாளையைச் சேர்ந்த சீனிக்குப்பன் படையாட்சி என்பர். மீன்பிடித் தொழிலில் செல்வம் ஈட்டிய அவர் ஓர் இந்து.

அந்தோணியார் கடலோர மக்களுக்கு நெருக்கமான புனிதர். போர்ச்சுகலின் லிஸ்பனில் பிறந்து, 1231ஆம் ஆண்டில் இத்தாலியின் பதுவை நகரில் மறைந்தவர். மனிதர் கேட்க மறுத்தபோது அவர் கடற்கரையில் நின்று போதிக்க, மீன்கள் தலை தூக்கிக் கேட்டன என்பது அவரைப் பற்றிய கதை. மீனவர் அவரைத் தம்மவராகக் கருதியதில் வியப்பில்லை.

1974ஆம் ஆண்டில் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி கச்சத்தீவு இலங்கையின் எல்லைக்குள் அமைந்தது. எனினும் அங்குச் செல்லும் இந்திய மீனவர்க்கும் திருப்பயணிகளுக்கும் கடவுச்சீட்டும் நுழைவிசைவும் தேவையில்லை என்று அவ்வொப்பந்தமே கூறுகிறது. இதனால் ஆண்டுதோறும் தவக்காலத்தில், பிப்ரவரி அல்லது மார்ச்சு மாதத்தில், இரு நாடுகளின் தமிழரும் அத்தீவில் கூடுகின்றனர். பெயரைப் பதிவு செய்து, அடையாள அட்டையைக் காட்டி, சோதனை முடிந்து இராமேசுவரத்தில் படகேறுவோர் ஒருபுறம். யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து வருவோர் மறுபுறம். மீன் பிடிக்கும் விசைப்படகுகளே அன்று பயணிகளைச் சுமக்கின்றன.

மாலையில் கொடியேற்றம் நிகழும். செபமாலை சொல்வர். பின்னர் இயேசுவின் பாடுகளை நினைந்து சிலுவைப் பாதை நடக்கும். இருட்டியபின் அந்தோணியாரின் திருவுருவம் தேரில் பவனி வரும். ஆண்டு முழுவதும் காற்றும் அலையும் மட்டுமே ஒலிக்கும் தீவில் அன்று தமிழ்ப் பாடல்கள் கேட்கும். அதன் பின் உறங்கும் நேரம். ஆயிரக்கணக்கானோருக்கு ஆலயத்துக்குள் இடமேது? குறுமரங்களின் அடியிலும், தார்ப்பாய் கட்டிய நிழலிலும், வெறும் மணலிலும் பாயை விரிப்பர். குடிநீரும் உணவும் வெளியிலிருந்து வந்தாக வேண்டும். இலங்கைக் கடற்படையும் அவற்றை வழங்குகிறது. இரவில் கடற்காற்று சில்லென்று வீசும். அன்னையர் சேலைத் தலைப்பால் குழந்தைகளைப் போர்த்துவர்.

ஆனால் அவ்விரவில் பலர் உறங்குவதில்லை. கடலின் இருகரையிலும் உறவினர் உள்ள குடும்பங்கள் பல. அவர்கள் விமானம் ஏறாமல் சந்திக்கக்கூடிய இடங்களுள் அதுவும் ஒன்று. முற்காலத்தில் துணியும் சோப்பும் போன்ற பொருள்களை மாற்றிக்கொண்டனர். பெண் பார்த்ததும் உண்டு என்பர். ஓர் இரவு மட்டுமே வாய்க்கும்போது பேச்சு முடிவதில்லை.

அந்த ஓர் இரவும் எப்போதும் உறுதியானதன்று. இலங்கைப் போர்க் காலத்தில் பல ஆண்டுகள் விழா நடைபெறவில்லை. போர் 2009இல் முடிந்தது. 2010இல் படகுகள் மீண்டும் சென்றன. 2016ஆம் ஆண்டின் இறுதியில், இலங்கைக் கடற்படை கட்டிய புதிய ஆலயம் அர்ச்சிக்கப்பட்டது. 2024ஆம் ஆண்டில் தமிழக மீனவர்க்கு இலங்கை நீதிமன்றம் சிறைத்தண்டனை விதித்ததை எதிர்த்து இராமேசுவரம் மீனவர்கள் விழாவைப் புறக்கணித்தனர். அவ்வாண்டு இராமேசுவரத்துப் படகுகள் கரையிலேயே கட்டிக் கிடந்தன. மறு ஆண்டு அவை புறப்பட்டன.

காலைத் திருப்பலி முடிந்ததும் கொடி இறக்கப்படும். பாய்களை உதறிச் சுருட்டுவர். மூட்டைகள் படகேறும். இராமேசுவரத்துப் படகுகள் மேற்கேயும் யாழ்ப்பாணப் படகுகள் கிழக்கேயும் திரும்பும். கையசைப்பது தெரியும் தொலைவு வரை இருபுறமும் கையசைப்பர். நண்பகல் கழிந்த பின் தீவில் ஆலயமும், காவலுக்கு நிற்கும் கடற்படை வீரரும், மணலில் பாய்கள் அழுந்திய தடங்களும் எஞ்சியிருக்கும்.