மோட்டார்ச் சைக்கிளின் முன் சொக்கும் அதன் எண்ணெய்க் காப்பும்

தமிழ் கற்பிப்போரிடம் விழா மலருக்குக் கட்டுரை வேண்டுவோர், இலக்கணமோ இலக்கியமோ வருமென்றே எதிர்பார்ப்பர். யாம் ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள் அஃதன்று. நாள்தோறும் நம்மைச் சுமந்து செல்லும் மோட்டார்ச் சைக்கிளின் முன் சொக்கிலே எண்ணெய் கசிந்தாற் செய்யவேண்டியது யாது என்பதே அப்பொருள். இதனை யாம் கற்க நேர்ந்த காரணத்தை முதற்கண் கூறுதல் தகும்.

ஒருநாட் காலை, பாடசாலைக்கு அணித்தாகச் சென்றுகொண்டிருந்தபோது, சிறுவன் ஒருவன் ஒழுங்கையினின்றும் வீதிக்கு ஓடிவந்தான். பிறேக்கை இறுகப் பிடித்தோம். வண்டியோ நிற்கவேண்டிய இடத்தில் நில்லாது வழுக்கிச் சென்று, அவனுக்கு ஒரு முழ இடைவெளியிலேயே நின்றது. அவன் சிரித்துக்கொண்டே ஓடிவிட்டான். எமக்கோ நெடுநேரம் கைநடுக்கம் தீர்ந்திலது. இறங்கிப் பார்த்தபோது, சொக்கிலிருந்து வடிந்த எண்ணெய் பிறேக் தட்டிலே படிந்திருக்கக் கண்டோம். ஒரு மாதத்துக்கு முன்னர்தான் ஒரு கராச்சிலே புதிய சீல் போடுவித்திருந்தோம். குழாயிலிருந்த துருவை அங்கு எவரும் நோக்கவில்லை, யாமும் கேட்கவில்லை. பிழையிற் பாதி எம்முடையதே.

சொக்கின் அமைப்பு எளிது. ஒன்றினுள் ஒன்று நுழைந்த இரு குழாய்கள். உள்ளே ஒரு சுருள்வில். அதனோடு அளவான எண்ணெய். பள்ளத்தில் விழும் அதிர்ச்சியை வில் ஏற்கின்றது. ஆயின் வில் மட்டும் இருப்பின் வண்டி துள்ளிக்கொண்டே செல்லும். சிறு துளைகளினூடு எண்ணெய் நெருக்குண்டு பாய்தலால் அத்துள்ளல் அடங்குகின்றது. எண்ணெயால் அடங்கும் இவ்வகைச் சொக்கை, விற்பனைக்கு வந்த வண்டிகளில் முதன்முதல் 1935ஆம் ஆண்டில் ஜேர்மனியின் பீ.எம்.டபிள்யூ. நிறுவனம் பொருத்தியது. உட்குழாய் வெளிக்குழாயினுட் புகும் வாயிலில் எண்ணெயைத் தடுத்து நிற்கும் றப்பர் வளையமே ஒயில் சீல். காய்ந்த சேறு, மணல், துருப்புள்ளி என்பன அதன் மெல்லிய உதட்டை அறுத்துவிடுகின்றன. செம்மண் தூசும் உப்புக் காற்றும் உள்ள நம் ஊர்களில் இது வியப்பன்று.

கசிவு கண்டவுடன் எல்லாவற்றையும் கழற்றுதல் வேண்டா. தூசுமூடியை மேலே தள்ளி, பழைய புகைப்படச் சுருளின் துண்டொன்றைச் சீலின் உதட்டுக்கடியிற் செலுத்திச் சுற்றிவர இழுத்தால், மணல் வெளிவந்து கசிவு நிற்றலும் உண்டு. நில்லாதாயின் மேற்கூறும் முறையைக் கைக்கொள்க. இது சாதாரண சொக்குக்கே பொருந்தும். தலைகீழாய் அமைந்த புதுவகைச் சொக்கை அறிந்தோரிடம் விடுதலே நன்று.

வண்டியை நடுத்தாங்கியில் நிறுத்தி, எஞ்சினின் கீழ்க் கட்டை வைத்து, முன்சில்லு நிலத்தைத் தொடாதபடி செய்க. மேற்பற்றியின் ஆணியை முதலிலும், குழாயின் தலைமூடியைப் பின்னரும் சற்றே நெகிழ்த்துக. பின்பு சில்லு, பிறேக், மட்காட் ஆகியவற்றைக் கழற்றி, அடி ஆணியையும் சிறிது இளக்குக. வில்லின் அழுத்தம் உட்கோலைப் பிடித்திருக்கும் இவ்வேளையிலேயே அது எளிதில் இளகும். இனிப் பற்றிகளைத் தளர்த்திக் குழாயைத் திருகி இறக்குக. தலைமூடியைக் கீழ்நோக்கி அழுத்தியபடியே கழற்றுக. முகத்தை அதன்மேற் குனித்தலாகாது. வில் மூடியை உந்தி எறியும். வில்லின் எம்முனை மேலே இருந்ததென்பதைக் குறித்துக்கொண்டு, எண்ணெயைப் பாத்திரமொன்றில் முற்றாக வடித்துவிடுக.

அடி ஆணி, தூசுமூடி, கம்பிவளையம் என்பவற்றை நீக்கியபின் உட்குழாயை இழுக்கலாம். சிலவற்றில் பலமுறை வெளிநோக்கி இழுத்தடித்தாலன்றி அது வாராது. அப்போது சீலும் உடன்வரும். வாராத சீலைக் கிளப்பும்போது, வெளிக்குழாயின் விளிம்பு கீறுபடாவண்ணம் துணி வைத்துக்கொள்க.

எல்லாவற்றையும் மண்ணெண்ணெயிற் கழுவித் துடைத்து, உட்குழாயை நகத்தால் தடவிப் பார்த்தலே இவ்வேலையின் உயிர். சிறு துருவாயின் மிக நுண்ணிய அரத்தாளால் தேய்க்கலாம். சீல் ஓடும் இடத்தில் நகம் சிக்கும் குழியிருப்பின், எத்தனை சீல் மாற்றினும் பயனில்லை. குழாயையே மாற்றுதல் வேண்டும். கண்ணாடித் தட்டின்மீது உருட்டினால் வளைவு இருப்பின் புலப்படும்.

புதுச் சீலுக்கு எண்ணெய் பூசி, உட்குழாயின் முனையைப் பொலித்தீனாற் சுற்றியபின் ஏற்றுக. சிறுவில் தெரியும் பக்கம் எண்ணெயை நோக்கியிருத்தல் வேண்டும். பழைய சீலை அதன்மேல் வைத்து, அளவொத்த பிளாஸ்ரிக் குழாயால் நேராகத் தட்டியிறக்குக. கம்பிவளையத்தின் தவாளிப்பு சுற்றிவர முழுமையாகத் தெரியும்வரை தட்டுதல் வேண்டும். அடி ஆணிக்குப் புதிய செப்பு வாசர் இடுக.

எண்ணெயின் வகையும் அளவும் வண்டிக்கு வண்டி வேறுபடும். கைந்நூல் கூறுவதே அளவு. இரு குழாய்களிலும் ஒரே அளவு இருத்தல் இன்றியமையாதது. எண்ணெய் வார்த்தபின், உள்ளிருக்கும் காற்று வெளியேறும்வரை குழாயை மெதுவாகப் பலமுறை ஏற்றி இறக்குக. பிறகு வில்லிட்டு மூடி, கழற்றிய ஒழுங்கின் மறுதலையாகப் பூட்டுக. சில்லின் அச்சை இறுதியாக இறுக்குமுன் சொக்கைச் சிலமுறை அமுக்கிவிடின் இரு கால்களும் நேர்ப்படும்.

பிறேக் தட்டை மதுசாரத்தாற் துடைக்கலாம். ஆயின் எண்ணெய் குடித்த பிறேக் கட்டைகளைத் துடைத்துப் பயனில்லை, புதியனவே இடுக. வீதிக்குச் செல்லுமுன் பிறேக் பிடி இறுகும்வரை அதனைப் பலமுறை அமுக்குதலை மறவற்க. பழைய எண்ணெயைக் கிணற்றடியில் ஊற்றலாகாது.

அச்சிறுவன் இப்போது எம் வகுப்பிலேயே கற்கின்றான். அந்நிகழ்ச்சியை அவன் மறந்துவிட்டான், யாம் மறந்திலம். காலைதோறும் வண்டியை எடுக்குமுன் அக்குழாய்களைப் பழந்துணியாற் துடைத்து, துணியில் எண்ணெய்க் கோடு உண்டோவென நோக்கியே புறப்படுகின்றோம்.