இரு குழு, ஒரு மேடை – 7: காணாமற்போன இசைக்குறிப்பு

ரொக் குழுவும் சிம்பொனி வாத்தியக் குழுவும் ஒரே மேடையில் ஏறினால் சத்தம் ஒரு சிக்கல். அது போன வாரமே சொல்லியாயிற்று. அதைவிடப் பெரிய சிக்கல் தாளம்.

ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீற்றர் ஓடும். ட்ரம்ஸில் விழும் அடி 20 மீற்றர் தள்ளி இருக்கும் வயலின்காரரின் காதுக்குப் போய்ச் சேர 0.06 நொடி பிடிக்கும். நிமிடத்துக்கு 120 அடி ஓடும் பாட்டில் ஓர் அடியின் காற்பங்கே 0.125 நொடிதான். காதை நம்பி வாசிப்பவர் அதில் பாதி பிந்திவிடுவார். ஆகவே வயலின்காரர் இசை நடத்துநரின் கோலைப் பார்த்து வாசிக்கிறார். நடத்துநர் ட்ரம்ஸ்காரரை விட்டுக் கவனத்தை எடுப்பதில்லை. இப்போது காதுக்குள் மாட்டும் கருவியில் தாளம் டக்டக்கென்று கேட்டுக்கொண்டிருக்கும். 1969இல் அந்த வசதி இல்லை.

அந்த ஆண்டு செப்டெம்பர் 24ஆம் திகதி லண்டன் றோயல் அல்பேர்ட் மண்டபத்தில் டீப் பேர்ப்பிள் என்ற ரொக் குழு றோயல் பில்ஹார்மோனிக் வாத்தியக் குழுவோடு ஒரு கொன்சேர்ட்டோவை வாசித்தது. மூன்று பகுதிகள் கொண்ட அந்தப் படைப்பை எழுதியவர் குழுவின் ஓர்கன் வாத்தியக்காரர் ஜோன் லோர்ட். இரு தரப்பையும் உடனே கலக்காததில்தான் அவருடைய கெட்டித்தனம் இருக்கிறது. முதற் பகுதியில் இரண்டும் எதிரிகள்போல மாறி மாறி மோதுகின்றன. மூன்றாம் பகுதியில்தான் முழுதாகச் சேர்கின்றன. அங்கேயும் இயன் பெய்ஸின் ட்ரம்ஸ் தனி ஆவர்த்தனத்துக்கு வாத்தியக் குழு வழிவிட்டு நிற்கிறது.

கோல் பிடித்தவர் மல்கம் ஆர்னல்ட். கித்துள்கலையில் படமாக்கப்பட்ட ‘த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்’ படத்தின் இசைக்கு ஒஸ்கார் வாங்கியவர் இவரே. களனி கங்கைக் கரையில் எடுத்த படத்துக்கு இசையமைத்தவர் ரொக் குழுவை நம்பிக் கோல் பிடித்தார் என்பது இலங்கை வாசகருக்கு ஓர் உபரிச் சந்தோஷம்.

மறு ஆண்டு, 1970இல், அந்தக் கொன்சேர்ட்டோவை லொஸ் ஏஞ்சலிஸில் ஒருமுறை வாசித்தார்கள். அதன்பின் இசைக்குறிப்பு காணாமற்போனது. ஒரு பெரிய குழுவே கூடி வாசிக்கும் ஒரு படைப்பின் முழு எழுத்தும் போய்விட்டது. தாள் இல்லாவிட்டால் சிம்பொனிக் குழுவுக்கு வேலையே இல்லை. ஏறத்தாழ முப்பது ஆண்டு அது மேடை ஏறவில்லை. கடைசியில் மார்க்கோ டி கூய் என்ற ஒல்லாந்து இசையமைப்பாளர் ஒலிப்பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டும் படப்பதிவைப் பார்த்தும் ஒவ்வொரு வாத்தியத்தின் வரியையும் மீட்டு எழுதினார். ஓர்கனும் கிற்றாரும் முழங்கும் இடத்தில் அடியில் ஒலிக்கும் வியோலாவைப் பிரித்தெடுப்பது சாமானிய வேலையல்ல. லோர்ட்டும் நடத்துநர் போல் மானும் கூடி இருந்து செப்பனிட்டார்கள். 1999 செப்டெம்பர் 25, 26ஆம் திகதிகளில் அதே மண்டபத்தில், இம்முறை லண்டன் சிம்பொனிக் குழுவோடு, அது மறுபடி ஒலித்தது. எழுத்தை நம்பும் மரபின் படைப்பைக் காப்பாற்றியது காது!

காதால் மட்டும் வாழும் இசைக்குப் புத்தளம் களப்புக்கு அப்பாலுள்ள கண்டக்குழிக்காரர் தொலைதூரம் போகவேண்டியதில்லை. களப்பைச் சுற்றிப் புத்தளம் நகரைக் கடந்தால் சிறாம்பியடி. அங்கே ஆபிரிக்க வழிவந்தோர் பாடும் மஞ்சா, சிரட்டையும் போத்தலில் தட்டும் கரண்டியும் சேர, மெதுவாகத் தொடங்கி வேகம் பிடிக்கும். அதற்குத் தாளும் கோலும் கிடையாது. வேகத்தைக் கூட்டுவது பாடுகிறவர்களே. சிம்பொனிக் குழுவைப் பக்கத்தில் இருத்தினால் திண்டாடப்போவது சிம்பொனிக் குழுதான்.

இந்த வாரத்துக்கென்று சொல்லியிருந்த இளையராஜா அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகிறார். 2025 மார்ச் 8ஆம் திகதி லண்டனில் அவருடைய ‘வேலியண்ட்’ சிம்பொனியை வாசித்ததும் அதே றோயல் பில்ஹார்மோனிக்கின் கொன்சேர்ட் வாத்தியக் குழுதான்.