இரண்டாண்டுக் கல்லூரி வழியாகப் பட்டம்: முடிவிலிருந்து திட்டமிடுவோம்

படிப்பைப் பாதியில் விட்ட பெண்கள் எம்மிடையே ஏராளம். சாதாரண தரப் பரீட்சை எழுத வேண்டிய ஆண்டில் இடம்பெயர்ந்தவர்கள், உயர்தர வகுப்பில் இருக்கும்போதே பாதுகாப்புக் கருதித் திருமணம் செய்து வைக்கப்பட்டவர்கள், பல்கலைக்கழக அனுமதி கிடைத்தும் குடும்பப் பொறுப்பால் போக முடியாமற் போனவர்கள் என இந்தப் பட்டியல் நீளும். இவர்களிற் பலர் இன்று மீண்டும் புத்தகத்தைக் கையில் எடுக்க விரும்புகிறார்கள். சிலர் ஊரில் இருக்கிறார்கள். சிலர் அகதிகளாகவோ மணமாகியோ கடல் கடந்து போய், அங்கே பிள்ளைகளையும் வளர்த்துக்கொண்டு, வேலைக்கும் போய்க்கொண்டு இந்த ஆசையை மனதில் வைத்திருக்கிறார்கள். "இந்த வயதில், இவ்வளவு பொறுப்போடு, நான்கு ஆண்டுகள் எப்படிப் படிப்பது?" என்பதே எல்லோரது கேள்வியும்.

ஐக்கிய அமெரிக்காவில் இக்கேள்விக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட ஒரு விடை உண்டு. முதல் இரண்டு ஆண்டுப் படிப்பை வீட்டுக்கு அருகிலுள்ள சமுதாயக் கல்லூரியில் குறைந்த செலவில் முடித்து, பின்னர் பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டில் சேர்ந்து பட்டம் பெறுவதே அந்த வழி. அங்கு வாழும் எமது சகோதரிகளுக்கு இது நேரடியாகப் பயன்படும். இங்கிருப்பவர்களுக்கும் இதிலிருந்து எடுத்துக்கொள்ள ஒரு முக்கிய பாடம் இருக்கிறது.

சமுதாயக் கல்லூரி என்றால் என்ன?

1901 ஆம் ஆண்டு இலினோய் மாநிலத்தின் ஜோலியற் நகரில், ஓர் உயர்நிலைப் பாடசாலையோடு இணைந்ததாக ஆறு மாணவர்களுடன் முதலாவது அரச இரண்டாண்டுக் கல்லூரி தொடங்கியது. ஊரை விட்டுப் போக வசதியில்லாத பிள்ளைகள் பல்கலைக்கழகத்தின் முதல் இரண்டு ஆண்டுப் பாடங்களை ஊரிலேயே கற்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். இரண்டாம் உலக யுத்தத்தின் பின்னர், 1947 இல், ஜனாதிபதி ட்ரூமன் நியமித்த ஆணைக்குழு இத்தகைய கல்லூரிகளை நாடெங்கும் பெருக்குமாறு பரிந்துரைத்தது. இன்று அங்கு கற்போரில் அரைவாசிக்கு மேற்பட்டோர் பெண்கள். பல கல்லூரிகளில் வயதெல்லை இல்லை, போட்டிப் பரீட்சையும் இல்லை.

இரண்டாண்டு முடிவில் கிடைப்பது இணைப்பட்டம். இதில் பரந்த கலைக்கல்வியை அடிப்படையாகக் கொண்ட இணைப்பட்டமே பல்கலைக்கழகம் செல்ல விரும்புவோருக்கு உரியது. கலைக்கல்வி என்றதும் வெறும் இலக்கியமும் வரலாறும் என்று எண்ண வேண்டாம். எழுத்து, பேச்சு, கணிதம், விஞ்ஞானம், சமூகவியல், நுண்கலை என எல்லாத் துறையிலும் ஓர் அத்திவாரம் இடுவது அது. 1823 இல் அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையில் ஆரம்பித்த செமினரியில் தமிழும் ஆங்கிலமும் கணிதமும் வானியலும் ஒருங்கே கற்பிக்கப்பட்டதை எமது முன்னோர் அறிவார்கள். அதே மரபில் வந்த கல்விதான் இதுவும்.

இந்த வழியிற் சென்று உயர்ந்த பெண்ணொருவரைச் சொல்வதானால் ஐலீன் கொலின்ஸைச் சொல்லலாம். வசதி குறைந்த குடும்பத்திற் பிறந்த அவர், 1976 இல் நியூயோர்க் மாநிலத்தின் கோர்னிங் சமுதாயக் கல்லூரியில் இணைப்பட்டம் பெற்றார். 1978 இல் சிராகியூஸ் பல்கலைக்கழகத்தில் கணிதமும் பொருளியலும் கற்றுப் பட்டதாரியானார். 1999 இல் விண்ணோடமொன்றுக்குத் தலைமை தாங்கிய முதற் பெண் என்ற பெருமையைப் பெற்றார்.

எல்லோரும் கரை சேர்கிறார்களா?

இங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும். சமுதாயக் கல்லூரியிற் சேர்வோரில் ஏறத்தாழ 80 சதவீதமானோர் பட்டம் பெறும் எண்ணத்தோடுதான் வருகிறார்கள். ஆனால் 2024 இல் வெளியான தேசிய ஆய்வின்படி, மூன்றில் ஒரு பங்கினர்தான் பல்கலைக்கழகத்துக்கு மாறினார்கள். ஆறு ஆண்டுகளுக்குள் பட்டம் பெற்றவர்கள் ஏறத்தாழ 16 சதவீதத்தினர் மட்டுமே.

பணமின்மை, வேலை, பிள்ளை பராமரிப்பு எனக் காரணங்கள் பல. அவற்றுள் பலர் முன்கூட்டி அறியாத ஒன்று உண்டு. கல்லூரியிற் சித்தியடைந்த பாடங்கள் எல்லாவற்றையும் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொள்ளும் என்ற உத்தரவாதம் கிடையாது. 2004 முதல் 2009 வரை கல்வி நிறுவனம் மாறிய மாணவர்கள், சராசரியாகத் தாம் சேர்த்த கிரெடிட்டுகளில் 43 சதவீதத்தை இழந்தார்கள் என அமெரிக்க அரசின் கணக்காய்வு அலுவலகம் 2017 இல் அறிவித்தது. இரவு கண்விழித்துப் படித்து, கட்டணமும் கட்டிச் சித்தியடைந்த பாடத்தை மீண்டும் படிக்க வேண்டி வந்தால் எந்தப் பெண்ணும் மனம் சோர்ந்துதான் போவாள்.

கிரெடிட் கணக்கு

கிரெடிட் என்பது படிப்பை அளக்கும் அலகு. ஓர் அரையாண்டுத் தவணை முழுவதும் வாரத்துக்கு ஒரு மணி நேரம் வகுப்பிலும், சுமார் இரண்டு மணி நேரம் வீட்டிலும் படிப்பது ஒரு கிரெடிட். ஒரு பாடம் பெரும்பாலும் மூன்று கிரெடிட் கொண்டது. இணைப்பட்டத்துக்கு 60 கிரெடிட்டும், முழுப் பட்டத்துக்கு ஏறத்தாழ 120 கிரெடிட்டும் தேவை.

இப்போது கணக்குப் பார்ப்போம். தவணைக்கு ஐந்து பாடம் படித்தால் 15 கிரெடிட். நான்கு தவணையில், அதாவது இரண்டு ஆண்டில், முடியும். ஆனால் அதற்கு வாரத்துக்கு 45 மணி நேரம் வேண்டும். அதுவே ஒரு முழுநேர வேலை. சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு வேலைக்கும் போகும் தாய், தவணைக்கு இரண்டு பாடம் எடுத்தால் வாரத்துக்கு 18 மணி நேரம் போதும். அப்போது பத்துத் தவணை, ஐந்து ஆண்டுகள் செல்லும். கோடை விடுமுறையில் ஒரு பாடம் எடுத்தால் சற்றுக் குறையும். ஐந்து ஆண்டு என்று தெரிந்து தொடங்குபவள் மூன்றாம் ஆண்டில் மனமுடைந்து விலக மாட்டாள். இரண்டாண்டு என்று நம்பித் தொடங்குபவளே விலகுவாள்.

முடிவிலிருந்து தொடங்குங்கள்

வழக்கமாக நாம் முதற் தவணையில் எந்தப் பாடம் எளிது, எந்த வகுப்பு நேரத்துக்கு வசதி என்று பார்த்துப் பதிவு செய்வோம். இரண்டு கட்டமாகப் படிப்பவர்கள் இதை மாற்றிச் செய்ய வேண்டும். எந்தப் பல்கலைக்கழகத்தில் எந்தத் துறையில் பட்டம் பெறப் போகிறோம் என்பதை முதலில் தீர்மானித்து, அங்கே மூன்றாம் ஆண்டிற் சேர என்னென்ன பாடம் கேட்கிறார்கள் என்று பார்த்து, அதிலிருந்து பின்னோக்கி முதற் தவணைக்கு வர வேண்டும்.

கலிபோர்னியா மாநிலத்தை உதாரணமாக எடுப்போம். அங்கே 2025 இலையுதிர்காலம் முதல், மாநிலத்தின் இரு அரச பல்கலைக்கழகத் தொகுதிகளுக்கும் பொதுவான அடிப்படைப் பாடத்திட்டம் ஒன்று நடைமுறையில் உள்ளது. ஆங்கிலம், சிந்தனைத்திறன், பேச்சு, கணிதம், கலையும் மானிடவியலும், சமூக விஞ்ஞானம், இயற்கை விஞ்ஞானம், இனத்துவக் கற்கை ஆகியவற்றில் 34 கிரெடிட் முடிக்க வேண்டும். எந்தக் கல்லூரிப் பாடம் எந்தப் பல்கலைக்கழகத்தில் எதற்கு ஈடாகும் என்பதைக் காட்டும் அரச இணையத்தளமும் உண்டு. 2010 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மாறுதலுக்கென வகுக்கப்பட்ட இணைப்பட்டத்தை முடிப்பவர்களுக்கு மாநிலப் பல்கலைக்கழகத் தொகுதியில் ஓரிடம் உறுதி. ஆனால் விரும்பிய வளாகமே கிடைக்கும் என்று அச்சட்டம் சொல்லவில்லை.

யுத்தத்தாற் பாதிக்கப்பட்டோருக்கு உளவளத்துணை செய்ய விரும்பி உளவியல் கற்க நினைக்கும் ஒரு தாயை எடுத்துக்கொள்வோம். இணைப்பட்டத்தில் அவர் ஆராய்ச்சி முறையியல் என்ற பாடத்தை முடிக்க வேண்டும். அதைப் படிக்க அறிமுக உளவியலும் புள்ளிவிபரவியலும் முன்னரே சித்தியடைந்திருக்க வேண்டும். கணிதத்துக்குப் பயந்து புள்ளிவிபரவியலைக் கடைசித் தவணைக்குத் தள்ளினால், ஆராய்ச்சி முறையியல் அடுத்த ஆண்டுக்குப் போய்விடும். ஒரு பயம் ஓராண்டைத் தின்றுவிடும். ஆகவே சங்கிலியாக வரும் பாடங்களை முதலிலும், தனித்து நிற்கும் பாடங்களைப் பின்னரும் வையுங்கள்.

விண்ணப்பக் காலத்தையும் மறக்கக் கூடாது. கலிபோர்னியாவில் இலையுதிர்காலத்திற் பல்கலைக்கழகம் சேர, அதற்கு முந்திய ஆண்டின் ஒக்ரோபர், நவம்பர் மாதங்களிலேயே விண்ணப்பிக்க வேண்டும். இரண்டாம் ஆண்டு தொடங்கிய கையோடு விண்ணப்பமும் வந்துவிடும். முதலாம் ஆண்டுப் பெறுபேறுகள்தான் அப்போது எமக்காகப் பேசும்.

கவனிக்க வேண்டியவை

முதலாவது, பட்டத்தின் வகை. தொழிலுக்கு நேரே அனுப்பும் பிரயோக இணைப்பட்டம் என்று ஒன்றுண்டு. உடனே வேலை தேவைப்படுவோருக்கு அது நல்லது. ஆனால் அதன் பாடங்கள் பல, பல்கலைக்கழகத்தில் ஏற்கப்படாமற் போகலாம். சேருமுன் இதைக் கேட்டறியுங்கள்.

இரண்டாவது, ஆங்கிலம். ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பிக்கும் ஆரம்ப வகுப்புகள் பெரும்பாலும் பட்டத்துக்குக் கணக்கில் வருவதில்லை. அதனால் அவை வீண் என்று நினைக்க வேண்டாம். அதற்கான காலத்தை உங்கள் ஆண்டுக் கணக்கில் முன்னரே சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, ஆலோசகர். ஒவ்வொரு கல்லூரியிலும் மாறுதலுக்கான ஆலோசகர் இருப்பார். தவணைக்கு ஒரு தடவையாவது சந்தியுங்கள். அவர் சொல்வதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். படித்த பாடங்களின் பாடத்திட்டங்களையும் ஒரு கோவையில் பாதுகாத்து வையுங்கள். ஒரு பாடத்தை ஏற்க மறுத்தால் முறையீடு செய்ய அதுவே ஆதாரம்.

நான்காவது, பழைய சான்றிதழ். இடப்பெயர்வில் சாதாரண தர, உயர்தரப் பெறுபேறுகளைத் தொலைத்தவர்கள் மனம் தளர வேண்டாம். பரீட்சை எழுதிய ஆண்டும் சுட்டெண்ணும் இருந்தால் இலங்கைப் பரீட்சைத் திணைக்களத்தில் உறுதிப்படுத்திய பிரதி பெறலாம். சில அமெரிக்கக் கல்லூரிகள் உயர்தரச் சித்திக்கே கிரெடிட் வழங்குகின்றன. பட்டத்துக்கு இரண்டாம் மொழித் தேர்ச்சி கேட்கும் பல பல்கலைக்கழகங்கள், வேறு மொழியிற் பாடசாலைக் கல்வி கற்றதற்கான ஆதாரத்தை அதற்கு ஈடாக ஏற்கின்றன. நாம் தமிழ்மொழி மூலம் கற்ற ஆண்டுகளும் அங்கே பெறுமதியுடையவை.

பணம்

கலிபோர்னியாவில் வதிபவர்களுக்குச் சமுதாயக் கல்லூரிக் கட்டணம் 2012 முதல் ஒரு கிரெடிட்டுக்கு 46 டொலர். 60 கிரெடிட்டுக்கு 2,760 டொலர். வருமானம் குறைந்தோருக்கு அதுவும் விலக்களிக்கப்படுகிறது. நிரந்தர வதிவிட உரிமை பெற்ற குறைந்த வருமானத்தினர் 'பெல்' என்ற மத்திய அரசின் உதவிப் பணத்துக்கும் விண்ணப்பிக்கலாம். அதைத் திருப்பிச் செலுத்தத் தேவையில்லை. ஆனால் ஒருவருக்கு வாழ்நாளில் 12 முழுநேரத் தவணைகளுக்குச் சமமான அளவே அது கிடைக்கும். பயன்படாத பாடங்களைப் படித்தால் அந்த உதவியும் கரைந்துபோகும். இங்கிருந்து மாணவர் வீசாவிற் செல்வோருக்கு நிலைமை வேறு. அவர்களுக்குக் கட்டணம் பல மடங்கு அதிகம், பெல் உதவி இல்லை, தவணைக்குக் குறைந்தது 12 கிரெடிட் படிக்கவும் வேண்டும். முகவர்களின் பேச்சை நம்பிக் காணியை ஈடு வைக்குமுன் இவற்றை யோசியுங்கள்.

எமது மண்ணில்

கட்டம் கட்டமாகப் படிப்பது இங்கும் புதிதல்ல. 1991 இல் வடமாகாணத்துக்கென அமைக்கப்பட்ட இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியே 1997 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகமாகி, 2021 இல் வவுனியாப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. 1980 இல் நிறுவப்பட்ட இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்துக்கு யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் பிராந்திய நிலையங்கள் உள்ளன. உயர்தரச் சித்தி இல்லாதவர்களும் அங்கே அடிப்படைப் பாடநெறியில் தொடங்கிப் பட்டம் வரை செல்ல வழியுண்டு.

சான்றிதழ்ப் பாடநெறியோ, டிப்ளோமாவோ, எதில் சேர்வதானாலும் பணம் கட்டுமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இதை முடித்த பின் எங்கே சேரலாம்? அங்கே இதில் எத்தனை பாடம் ஏற்கப்படும்? அதை எழுத்தில் தருவீர்களா?

வீட்டையும் வளவையும் விட்டு ஓடியபோது நாம் எவ்வளவோ இழந்தோம். படித்துச் சேர்ப்பதை இனியும் இழக்க வேண்டியதில்லை. ஒரு கொப்பியை எடுங்கள். கடைசிப் பக்கத்தில் நீங்கள் பெற விரும்பும் பட்டத்தை எழுதுங்கள். அதற்கு முந்திய பக்கத்தில் அதற்கு வேண்டிய பாடங்களை எழுதுங்கள். இப்படியே பின்னோக்கி வந்து முதற் பக்கத்தை அடையும்போது, நாளை காலை என்ன செய்ய வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.