மூன்றாவது கை யாருடையது?
பாத்திரமேற்று ஆடும் விஞ்ஞானப் புனைவாட்டங்களும் ஊவாத் தோட்டத்து உடலும்

கதிர்காமமும் எல்லவில் இராவணன் பெயர் தாங்கிய நீர்வீழ்ச்சியும் ஊவா மாகாணத்துள்ளேயே அமைந்தவை. பன்னிரு கை வேலனையும் இருபது தோள் இலங்கை வேந்தனையும் கேட்டு வளர்ந்த பதுளைத் தமிழர்க்கு, மிகைக் கையுடைய பாத்திரம் புதுமையன்று. எனவே, மேனாட்டு விஞ்ஞானப் புனைவாட்டங்களிற் பாத்திரங்களுக்கு இயந்திரக் கை பொருத்தும் முறையை இங்கிருந்து நோக்குவது தகும் எனக் கருதுகிறோம்.

இவ்வாட்டங்கள் மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடப்படுபவை. ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்றுப் பேசுவர். நடத்துநர் கதையுலகைப் புனைந்துரைப்பார். ஐயத்துக்குரிய செயலின் முடிவைத் தாயக்கட்டை கூறும். 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இவ்வகைக்கு முன்னோடி. பாத்திரத்தின் வலிமையும் அறிவும் எண்களாக எழுதப்படுவதால், ஒரு கையைக் கூட்டுதலும் கணக்காகிறது. இராவண வேடம் புனைபவன் ஒன்பது தலைகளை அட்டையிற் செய்து கட்டிக்கொண்டாற் போதும். ஆட்டத்திலோ, அக்கை யாது செய்யும், அதன் விலை யாது என்னும் இரு வினாக்களுக்கு விடை வேண்டும்.

ஸ்டீவ் ஜாக்சன் 1986இல் வெளியிட்ட 'கர்ப்ஸ்' ஆட்டத்தின் நான்காம் பதிப்பு (2004), மேலதிகக் கை ஒவ்வொன்றுக்கும் 10 புள்ளி விதிக்கிறது. கை கூடினாலும் ஒரே வேளையில் தாக்கும் தடவை கூடுவதில்லை; அதனைத் தனியே விலை கொடுத்துப் பெறல் வேண்டும். இந்நுட்பம் தமிழ் மாணவர்க்கு வியப்பளிக்காது. திருமுருகாற்றுப்படை பன்னிரு கைகளுக்கும் தொழில் பகுத்தே பாடுகிறது: ஒன்று அங்குசம் ஏந்த, இரண்டு வேலும் கேடயமும் சுழற்ற, ஒன்று மணி ஒலிக்க, ஒன்று மழை பொழிவிக்கும். தொழில் பெறாத கை அங்கு இல்லை.

விலை பற்றிய வினாவுக்கு மைக் பொண்ட்ஸ்மித்தின் 'சைபர்பங்க்' (1988) கூறும் விடை கடுமையானது. பொருத்தப்படும் ஒவ்வோர் இயந்திர உறுப்புக்கும் பாத்திரத்தின் மனிதத்தன்மையிற் சில புள்ளிகள் கழியும். அதனோடு பிறருக்கு இரங்கும் ஆற்றலும் தேயும். அவ்வாற்றல் முற்றாக அற்றதும் பாத்திரம் ஆடுபவர் கையை விட்டு நடத்துநர் வசமாகிறது. சிறந்த கற்பனைதான். ஆயின் அதனுள் ஓர் எடுகோள் மறைந்துள்ளது: கையை வாங்கியவரே அதன் உடைமையாளர், இழப்பு அவரது மனத்துள் நிகழ்வது.

பசறையிலோ தெமோதரையிலோ ஒரு மலையில் நின்று பார்த்தால் இவ்வெடுகோள் நிலைபெறாது. கொழுந்து பறிக்கும் பெண்ணின் இரு கைகளும் ஓயாது இயங்க வேண்டும். ஆகவே கூடையைத் தாங்கும் வேலை தலைக்குப் போயிற்று. உச்சந்தலையிற் கிடக்கும் கூடைக் கயிறே தோட்டம் அவளுக்குப் பொருத்திய மூன்றாவது கை. அதன் விலையைக் கழுத்தும் முதுகும் செலுத்துகின்றன. எந்த ஆட்ட நூலிலும் அதற்குப் புள்ளியில்லை. அவள் பெறுவது 'பேர்'. குறித்த நிறை எட்டாவிடின் 'அரைப்பேர்'. 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1000 ரூபா என வர்த்தமானி அறிவித்தபோதும், அதற்கு எத்தனை கிலோ என்பதே பிணக்காயிற்று. கத்தரியும் மின்கல இயந்திரமும் சில தோட்டங்களுக்கு வந்துள்ள இக்காலத்தில், கருவி தோட்டத்துக்கு உரியதாக இருக்கையில், பறிக்கும் வேகம் கூடுந்தோறும் கேட்கப்படும் கிலோவும் கூடலாம் என அஞ்சுவோர் தவறுடையர் அல்லர்.

ஆகவே ஊவா மலையொன்றைக் களமாகக் கொண்டு இத்தகைய ஆட்டம் அமைப்போர், மனிதத்தன்மைப் புள்ளியோடு உடைமைப் பத்தியொன்றையும் பாத்திரத் தாளிற் சேர்த்தல் வேண்டும். இயந்திரக் கை எவருடையது? பழுதானால் எவர் திருத்துவார்? வேலை நீங்கும்போது அது கழற்றப்படுமா? நிறுவையின்போது கூடைக்கும் ஈரத்துக்குமெனக் கிலோவிற் கழிப்பது தோட்டங்களில் நெடுநாள் மனக்குறை; இயந்திரக் கையுடன் தராசடிக்கு வருபவளிடம் கணக்கப்பிள்ளை அக்கையின் நிறையையும் கழிப்பாரா என்பதையும் நடத்துநர் முன்னரே எழுதிவைத்தல் நன்று.